லுபோமிர் வ்ரான்யெஸ்: 166 செ.மீ. சென்டர் பேக், அப்புறம் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த கோச்

ஒன்பதுமீட்டர்

ஸ்வீடன் ஹேண்ட்பாலின் பொற்காலம் என்று பேச்செடுத்தால் மாக்னஸ் விஸ்லாண்டர், ஸ்டாஃபான் ஓல்சன் என்று நெடுநெடு ஆட்களோடு முடிந்துவிடுகிறது. அதே அணியில் 166 செ.மீ. உயரத்தோடு நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டிய சென்டர் பேக் லுபோமிர் வ்ரான்யெஸுக்கு நம் மன்றத்தில் ஓர் இழை வேண்டாமா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1973-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் பிறந்தவர். அங்கேயே ரெட்பெரிஸ்லீட் கிளப்பில் வளர்ந்தார். 1999-ல் ஸ்பெயினின் கிரனோயர்ஸ், 2001-ல் ஜெர்மனியின் நோர்ட்ஹோர்ன், 2006 முதல் 2009 வரை ஃப்ளென்ஸ்பர்க். தேசிய அணியோடு 1999 உலகக் கோப்பை, 1998, 2000, 2002 ஐரோப்பியக் கோப்பைகள், சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. 2010 நவம்பரில் அப்போதைய கோச் பேர் கார்லேனை நீக்கிவிட்டு ஃப்ளென்ஸ்பர்க் இவரைக் கோச் ஆக்கியது. 2014-ல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டம்.

இரண்டு கேள்வி. இந்த உயரத்தோடு பேக் கோர்ட்டில், அதாவது தூரத்திலிருந்து வீசும் பின்வரிசையில், எப்படித் தாக்குப்பிடித்தார்? ஆட்டக்காரராக இருந்தபோது கைவந்ததில் எது கோச் வேலைக்கு உதவியது, எது உதவவில்லை?

இடதுகை விங்

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறு பேரும் ஆறு மீட்டர் கோட்டோரம் ஒரே வரிசையில் நிற்கும் 6-0 டிஃபென்ஸில் நடுவில் நிற்கும் இருவரும் பெரும்பாலும் 195 செ.மீ.க்கு மேல். கையைத் தூக்கினாலே சுமார் 2.5 மீட்டர். குதித்தால் 3 மீட்டரைத் தொட்டுவிடுவார்கள். 166 செ.மீ. ஆள் கையை முழுக்க நீட்டினால் சுமார் 2.1 மீட்டர், 65 செ.மீ. எம்பினாலும் பந்து கையை விட்டுப் போகும் இடம் 2.75-ஐத் தாண்டாது. ஆக, ஒன்பது மீட்டரிலிருந்து பிளாக்குக்கு மேலே வீசுவது நடக்காது.

அப்படியானால் கீழே. பிளாக் போடுபவன் கையைத் தூக்கியதும் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறக்கும். இடுப்பு உயரத்தில் பக்கவாட்டாக விடும் வீச்சு அந்த வழியாகத்தான் போகும். கோல்கீப்பருக்கு அது பெரிய தொல்லை. பந்து கையை விட்ட நொடியை அவர் பார்ப்பதில்லை, டிஃபென்டரின் உடம்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த பிறகுதான் பார்க்கிறார். அதற்குள் காலை நகர்த்த நேரமிருக்காது.

இதில் தவறுவது எங்கே என்றால், முதலில் மேலே வீசப்போவதாக நம்பவைக்காமல் நேராகக் கீழே போவதில். கை தூக்காத டிஃபென்டரின் தொடையில் பட்டுப் பந்து திரும்பும், அடுத்த ஆறு நொடியில் நம் பக்கம் கோல். எனவே தோளுக்கு மேல் பந்தைக் கொண்டுபோய், கண்ணும் மேலே பார்த்து, அவன் கை எழும்பிய பிறகுதான் இறக்க வேண்டும். பல ஆண்டு வீசிப் பழகிய மணிக்கட்டுக்குத்தான் அது வரும்.

பிவட்‌12

வீச்சைவிட முக்கியம் காலடி. பந்தைக் காற்றில் இருக்கும்போதே பிடித்தால், இறங்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு மூன்று அடி. தரையில் நின்று பிடித்தால் அந்த இலவச அடி போய்விடும். குள்ளமான சென்டருக்கு அந்த ஓர் அடிதான் முதலீடே. இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் வலம் இடம் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், டிஃபென்டர் எடையை எந்தக் காலில் போடுகிறான் என்று பார்த்து எதிர்ப்பக்கம் போகலாம். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் திரும்புவதும் வேகம். 2 மீட்டர் ஆள் இடுப்பை மடக்கித்தான் இவரைப் பிடிக்க வேண்டும். மடக்கத் தாமதமானால் கை கழுத்துக்குப் போகும், இரண்டு நிமிடம் வெளியே.

இன்னொன்று, பிவட்டுக்கு, அதாவது எதிரணி டிஃபென்ஸுக்கு நடுவிலேயே நிற்கும் நம் ஆளுக்கு, பந்து கொடுப்பது. உயரமானவன் மேலிருந்து கொடுக்கும் பாஸை டிஃபென்டர் கையாலேயே மறிக்கலாம். வ்ரான்யெஸ் மாதிரி ஆள் கொடுப்பது தரையில் ஒரு குத்து குத்தி இடுப்புக்கு வரும் பாஸ். அதை மறிக்கக் கால்தான் வேண்டும், முழங்காலுக்குக் கீழே காலால் தொட்டால் ஃப்ரீ த்ரோ.

ரெஃப்ரி விசில்

தாக்குதலெல்லாம் சரி. டிஃபென்ஸில் எங்கே நிறுத்துவீர்கள்? நடுவில் நிறுத்தினால் எதிரணி லெஃப்ட் பேக் அவர் தலைக்கு மேலேயே வீசிக்கொண்டிருப்பாரே.

பிவட்‌12

மூன்று வழி உண்டு.

6-0-வில் ஓரத்தில் விங்குக்கு எதிராக நிறுத்துவது முதல் வழி. அங்கே உயரத்தைவிடக் காலோட்டம்தான் தேவை. ஆனால் எதிரணி அவர் பக்கமாகவே விளையாட்டைத் திருப்பி, பெரிய பேக்கை ஓடவிட்டு மோதவைக்கும்.

இரண்டாவது, ஐந்து பேர் பின்னால் நிற்கும் 5-1-ல் முன்னால் தனியாக நிற்பது. ஏழெட்டு மீட்டரில் அலைந்து பாஸ் வழியை அறுப்பது மட்டும் வேலை. குள்ளமான, வேகமான ஆளுக்கு ஏற்ற இடம் இதுதான், ஆனால் மூச்சு வாங்கும். முழு ஆட்டமும் அப்படி ஓடிவிட்டுத் தாக்குதலிலும் தலைமை தாங்க முடியாது.

மூன்றாவது, ஆள் மாற்றுவது. தாக்குதல் முடிந்ததும் சென்டர் வெளியே, டிஃபென்ஸ் ஸ்பெஷலிஸ்ட் உள்ளே. நடுக்கோட்டிலிருந்து தன் பெஞ்ச் பக்கம் 4.5 மீட்டருக்குள் மாற வேண்டும், வெளியே போகிறவர் கோட்டைத் தாண்டும் முன் உள்ளே வருபவர் கால் வைத்தால் இரண்டு நிமிடத் தடை. கோல் வாங்கிய அணி உடனே நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினால் இந்த மாற்றம் பாதியில் நிற்கும்போதே பந்து உங்கள் ஆறு மீட்டருக்கு வந்திருக்கும். வேகமான த்ரோ ஆஃப் பரவிய பிறகு ஸ்பெஷலிஸ்ட்டுகளின் விலை கூடிப்போனது இதனால்தான்.

ஏழாம் நம்பர்

இவரும் 1994 ஐரோப்பியக் கோப்பை அணியில் இருந்தவர்தானே? கோச் பெங்க்ட் ஜோஹான்சனின் ஸ்வீடன் அணி அதை மொத்தம் நான்கு முறை ஜெயித்தது.

ஒன்பதுமீட்டர்

நான்கு ஜெயித்தது அணி. போர்ச்சுகலில் நடந்த 1994 போட்டியில் வ்ரான்யெஸ் இல்லை, அவருக்கு மூன்று. விஸ்லாண்டர், ஓல்சன், ஓலா லிண்ட்கிரென் எல்லாம் அதற்கு முந்தைய செட், 1990-லேயே பிராகில் சோவியத் யூனியனை 27-23 என்று வீழ்த்தி உலகக் கோப்பையை எடுத்தவர்கள். வ்ரான்யெஸ் அந்தச் செட்டுக்குள் பிற்பாதியில் நுழைந்தவர். 1999-ல் எகிப்தில் ரஷ்யாவை 25-24, 2002-ல் ஸ்டாக்ஹோமில் ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 33-31. கடைசி நிமிடத்தில் பதறாமல் இருப்பது என்ன என்பதை அந்த அணியில் இருந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறையே கோச்களாக மாறியதையும் கவனியுங்கள். ஓலா லிண்ட்கிரென் நோர்ட்ஹோர்னுக்கு ஐரோப்பிய கிளப் போட்டியான இ.எச்.எஃப். கோப்பையை 2008-ல் வாங்கித் தந்தார். ஓல்சன் ஹம்மர்பியைத் தொடர்ந்து மூன்று முறை ஸ்வீடன் சாம்பியனாக்கினார். இருவரும் சேர்ந்து நடத்திய தேசிய அணி லண்டன் 2012 இறுதியில் பிரான்சிடம் 21-22 என்று ஒரே கோலில் தங்கத்தை விட்டது.

கோர்ட்டோரம்

கோச் பகுதிக்கு வரலாம், அதுதான் எனக்குச் சுவாரசியம்.

ஃப்ளென்ஸ்பர்க் டென்மார்க் எல்லையை ஒட்டிய ஊர். அணியில் எப்போதும் டேனிஷ், ஸ்வீடிஷ் ஆட்கள் நிறைய. வ்ரான்யெஸ் அங்கே மூன்று சீசன் ஆடி, பிறகு அணி மேலாளராக இருந்து, அதன் பின்னரே பெஞ்சுக்கு வந்தார். ஜெர்மன் பேசுவார், ஹாலின் சத்தம் எப்போது எழும்பும் என்பது வரை தெரியும். 2012-ல் ஐரோப்பாவின் 'கோப்பை வென்றோர் கோப்பை', 2014-ல் சாம்பியன்ஸ் லீக், 2015-ல் ஜெர்மன் கோப்பை.

2014-ல் கொலோனில் நடந்த ஃபைனல் ஃபோர், அதாவது சாம்பியன்ஸ் லீகின் கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்றுதான் அவருடைய முத்திரை. மே 31 அரையிறுதி, எதிரே பார்சிலோனா. இரண்டாம் பாதியில் ஆறு கோல் பின்தங்கிய ஆட்டத்தை 32-32-க்கு இழுத்து, கூடுதல் நேரத்தில் 36-36, பெனால்டியான ஏழு மீட்டர் வீச்சில் 41-39. கடைசி வீச்சை எடுத்தவர் ஹாம்புஸ் வானே, அப்போது வயது 20.

ஆறு கோல் பின்தங்கினால் கணக்கு இப்படி: ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 50 முதல் 60 தாக்குதல். கடைசி எட்டு, ஒன்பது நிமிடத்தில் வழக்கமான வேகத்தில் ஒன்பது தாக்குதல் கிடைத்தால் அதிகம். ஆறை ஈடுகட்ட, எதிரணியின் ஒன்பதில் ஏழு வீணாக வேண்டும், நம் ஒன்பதில் எட்டு உள்ளே போக வேண்டும். கோல்கீப்பர் இரண்டு மூன்று பந்தைப் பிடிக்காமல் இது நடக்கவே நடக்காது. அன்று ஃப்ளென்ஸ்பர்க் கோலில் நின்றது மட்டியாஸ் ஆண்டர்சன், ஸ்வீடன் ஆள், முன்பு இன்னொரு ஜெர்மன் கிளப்பான கீலிலும் இருந்தவர். இப்படி நிலைமை வந்தால் பல கோச்கள் டிஃபென்ஸை உடைத்து ஆளுக்கு ஆள் ஓடவிடுவார்கள். அதில் ஒரு பிவட் தப்பித்தாலும் கோல். வித்தியாசம் ஏழாகிவிடும், கதை முடிந்தது.

ரெஃப்ரி விசில்

இதோடு ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூடுதல் நேரத்தில் டீம் டைம் அவுட் கிடையாது. ஐந்தைந்து நிமிடமாக இரண்டு பகுதி, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. கோச் டைம் அவுட் கேட்கும் பச்சை அட்டையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். சொல்ல வேண்டியதை அறுபது நிமிடத்துக்குள் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு களத்தில் முடிவெடுப்பது சென்டர் பேக். முன்னாள் சென்டர் பேக் ஒருவர் கோச்சாக இருப்பதன் பலன் அங்கே தெரியும். ஃப்ளென்ஸ்பர்க் சென்டர்கள் தாமஸ் மோகென்சனும், சின்னப் பையன் ஜிம் கோட்ஃப்ரிட்சனும் கேட்டு வளர்ந்தது அவரிடம்.

ஏழு மீட்டர் வீச்சுக்கு ஐந்து பேரைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். விசில் அடித்து மூன்று நொடிக்குள் வீச வேண்டும், ஊன்றிய கால் தரையை விட்டு நகரக்கூடாது. கோல்கீப்பர் நான்கு மீட்டர் கோடு வரை முன்னால் வரலாம். ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு நிமிடத் தடையில் இருப்பவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. எழுபது நிமிடம் ஓடிக் களைத்த பேக்குக்குத் தோள் கனக்கும், பெஞ்சில் இருந்தவருக்குக் கை சில்லிட்டிருக்கும். எது பரவாயில்லை என்பது கோச்சின் கணிப்பு.

இடதுகை விங்

மறுநாள் இறுதி ஆட்டம் கீலோடு. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் இதே இரண்டு அணிகள்தான். ஃப்ளென்ஸ்பர்கில் 28-28, கீலில் 29-27 என்று கீல் எடுத்துக்கொண்டது. அந்த ஃப்ளென்ஸ்பர்க் அணியில் வ்ரான்யெஸ் ஆட்டக்காரர். 2014-ல் ஆல்ஃபிரெத் கிஸ்லாசனின் கீல் முன்னிலை எடுத்தும், 30-28 என்று ஃப்ளென்ஸ்பர்க் முடித்தது. முந்தைய நாள் கூடுதல் நேரம் ஆடிய கால்களோடு!

ஏழாம் நம்பர்

எல்லாரும் புகழ்ந்தாகிவிட்டது, நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். ஏழு சீசன் இருந்தும் ஜெர்மன் லீகான புண்டெஸ்லிகா பட்டம் ஒருமுறைகூட இல்லை. 2016-ல் ஒரே புள்ளியில் ரைன்-நெக்கர் லோவனிடம் விட்டார், 2017-லும் இரண்டாமிடம். அவர் போனதும் அவருடைய உதவியாளர் மைக் மக்குல்லா 2018, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம். 34 ஆட்ட லீகில் ஜெயிக்காதவரைப் பெரிய கோச் என்பதா, இரண்டு நாள் அதிர்ஷ்டக்காரர் என்பதா?

கோர்ட்டோரம்

அதிர்ஷ்டம் என்றால் ஒரு நாள் சொல்லலாம். 2012-ல் ஃப்ளென்ஸ்பர்க் இரண்டாமிடம் வந்த சீசனில் கீல் 34 ஆட்டத்தையும் ஜெயித்து, புள்ளிக் கணக்கு 68-0. அதற்கு எந்தக் கோச் என்ன செய்ய?

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. லீகில் நிர்ணயிப்பது நவம்பர், டிசம்பரில் மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம் வரும்போது யாருக்கு எத்தனை நிமிடம் கொடுப்பது என்பது. வ்ரான்யெஸின் ஃப்ளென்ஸ்பர்க் உணர்ச்சியில் ஏறி ஆடும் அணி. பெரிய எதிரிக்கு எதிராகக் கொதிக்கும். கடைசி இடத்து அணியின் ஊரில் புதன்கிழமை மாலை அந்தக் கொதிப்பு வராது. மக்குல்லா வாங்கிய பட்டங்களில் வ்ரான்யெஸ் வளர்த்த கோட்ஃப்ரிட்சன் இருந்தார் என்பதையும், 2014 வெற்றிக்குப் பிறகு ஸ்டெஃபன் வைன்ஹோல்ட் நேராகக் கீலுக்கே போனார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிவட்‌12

வெஸ்ப்ரேம் கதையில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. 2017-ல் ஹங்கேரியின் அந்தக் கிளப்புக்குப் போனபோது அந்நாட்டுத் தேசிய அணியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். 2018 ஜனவரி ஐரோப்பியப் போட்டியில் ஹங்கேரி மூன்று குழு ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக் கடைசி 16-ல் டென்மார்க்கின் ஷ்யேர்ன் வெஸ்ப்ரேமை வெளியேற்றியது, ஹங்கேரி லீக் பட்டம் இன்னொரு கிளப்பான சேகெடுக்குப் போனது. ஹங்கேரி கோப்பை மட்டும் மிச்சம். அடுத்த சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வேலை போயிற்று.

ஏன் சறுக்கியது என்பதற்கு என் கணிப்பு இரண்டு. ஒன்று, டிஃபென்ஸ் பாஷை. ஸ்வீடிஷ் 6-0-வில் நடுவில் நிற்பவர்கள் ஒவ்வொரு பாஸுக்கும் 'நான் எடுக்கிறேன், நீ பிவட்டைப் பார்' என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை நீட்டும் தூரமும் பக்கத்து ஆள் நகரும் தூரமும் பழகியிருக்க வேண்டும். ஃப்ளென்ஸ்பர்கில் டோபியாஸ் கார்ல்சன் போன்ற ஸ்வீடன்காரர்கள் அதைச் சிறுவயதிலிருந்தே பேசியவர்கள். வெஸ்ப்ரேமில் பல நாட்டு நட்சத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பழக்கம். அரை நொடி தாமதித்தால் ஓரத்திலிருந்து எண்ணி 2-ம் ஆளுக்கும் 3-ம் ஆளுக்கும் நடுவே வழி திறந்துவிடும்.

இரண்டு, இரட்டை வேலை. கிளப் கோச்சுக்கு ஜனவரி என்பது மூச்சு வாங்கி, வீடியோ பார்த்து, பிழையைத் திருத்தும் மாதம். தேசிய அணியும் கையில் இருந்தால் அந்த மாதமே இல்லை. ஜனவரியில் விழுந்த அடி பிப்ரவரியில் கிளப் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கூடவே வரும், ஏனென்றால் ஆட்களில் பாதி அதே ஆட்கள்.

ஒன்பதுமீட்டர்

தேசிய அணி வேலையே அவருக்கு ஒத்துவராது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 2020 ஐரோப்பியப் போட்டியில் ஸ்லோவேனியாவை நான்காமிடத்துக்குக் கொண்டுவந்தார். அரையிறுதியில் ஸ்பெயினிடம் 34-32, மூன்றாமிடத்துக்கு நார்வேயிடம் 28-20 தோல்வி. அதற்கு முன் குழு ஆட்டத்தில், தான் பிறந்த கோத்தன்பர்கிலேயே ஸ்வீடனை 21-19 என்று வீழ்த்தினார். சொந்த ஹாலில் ஸ்வீடனுக்கு வெறும் 19! பந்து கிடைத்ததும் அவர்கள் ஓடும் எதிர்த்தாக்குதலின் முதல் அலை, இரண்டாம் அலை இரண்டையும் அறுத்தால்தான் இப்படி ஓர் எண் வரும். பந்தை இழக்காமல் நீளமாகத் தாக்கி, வீசியவுடன் திரும்பி ஓடினால் ஸ்வீடன் நின்றுகொண்டிருக்கும் டிஃபென்ஸை உடைக்க வேண்டிவரும்.

இன்னொன்று, அந்த அணியில் மிஹா ஸராபெட்ஸ் என்ற சிறிய உருவ சென்டர் இருந்தார், அப்போது கீல் கிளப்பில் ஆடியவர். அப்படி ஓர் ஆளை எங்கே நிறுத்தி எப்போது மாற்றுவது என்று வ்ரான்யெஸிடம் கேட்டால் சொல்லமாட்டாரா என்ன!

ஸ்லோவேனியா 2022 வரை. அதன் பிறகு பிரான்சின் நீம் கிளப்பைப் பார்த்துவிட்டு, ஃப்ளென்ஸ்பர்குக்கே விளையாட்டு இயக்குநராகத் திரும்பினார்.

ஏழாம் நம்பர்

சரி, அதிர்ஷ்டம் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை, ஆனால் இங்கே விட்டுவிடுகிறேன். உபயோகமாக ஒன்று கேட்கிறேன்: 14, 15 வயதில் உயரமில்லாத, தலையுள்ள பையனைச் சென்டராக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

இடதுகை விங்

பந்தின் அளவில் தொடங்குங்கள். 12 முதல் 16 வயதுப் பையன்களுக்கு 2-ம் எண் பந்து: சுற்றளவு 54–56 செ.மீ., எடை 325–375 கிராம். 3-ம் எண்ணைக் கொடுத்தால் சின்னக் கை பந்தைக் கவ்வாது. உள்ளங்கையில் தாங்கித்தான் பிடிப்பான், இடுப்பு வீச்சும் மணிக்கட்டுப் பாஸும் அதோடு போச்சு.

பயிற்சி: எட்டு மீட்டரில் இரண்டு டிஃபென்டர், நடுவே இரண்டரை மீட்டர் இடைவெளி. லெஃப்ட் பேக் இடத்தில் பாஸ் கொடுக்க ஒருவர், ஆறு மீட்டர் கோட்டில் பிவட். சென்டர் 12 மீட்டரிலிருந்து ஓடிவந்து காற்றில் பந்தைப் பிடித்து இடைவெளிக்குள் இறங்குகிறான். இடது டிஃபென்டர் மட்டும் மூடினால் வலப்பக்கம் போய் வீச வேண்டும். இருவரும் மூடினால் தரைக்குத்துப் பாஸ் பிவட்டுக்கு. யாரும் வராமல் கையை மட்டும் தூக்கி நின்றால் இடுப்பு வீச்சு. ஆறு முறை ஒரு சுற்று, சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு, நான்கு சுற்று. டிஃபென்டர்களிடம் முன்கூட்டியே எதையும் சொல்லிவைக்காதீர்கள். சொல்லிவிட்டால் பையன் முடிவை மனப்பாடம் செய்வான், பார்க்கக் கற்கமாட்டான்.

பிவட்‌12

அடிக்கடி வரும் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மீட்டரில் நின்றபடியே தொடங்குவது முதல் பிழை. வேகமில்லாத ஏமாற்றுக்கு யாரும் ஏமாறமாட்டார்கள். அடுத்தது பக்கவாட்டில் மட்டும் துள்ளுவது. துள்ளல் முன்னோக்கியும் போக வேண்டும், இல்லாவிட்டால் டிஃபென்டர் ஓர் அடி நகர்ந்து மறுபடி எதிரே நிற்பான். டிஃபென்டரிடமிருந்து ஒரு கை தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது திசையை மாற்ற வேண்டும். அதைவிட நெருங்கினால் மோதல், சார்ஜிங் விசில்.

ஊன்றும் காலைக் கட்டாயம் பாருங்கள். திசை மாற்றும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) அறுவது பெரும்பாலும் அந்த மாதிரி அசைவில்தான். முட்டி பாதத்தின் நடுவிரல் திசையிலேயே இருக்க வேண்டும். முதல் சில வாரம் பாதி வேகம், பந்தில்லாமல், காலடி மட்டும். மண் தரையானால் மேலே தூசி இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள், வழுக்கும் காலோடு யாரும் முழு எடையைப் போடமாட்டார்கள்.

ரெஃப்ரி விசில்

டிஃபென்ஸில் அந்தப் பையனை 5-1-ன் முனையில் பத்துப் பத்து நிமிடமாகப் போட்டுப் பாருங்கள். ஸ்கோர் ஷீட்டில் அவன் பேரில் கோல் குறைவாக இருக்கும். எதிரணி எத்தனை பாஸைத் தவறவிட்டது என்று தனியாக ஒருவர் குறித்துக்கொண்டால் அவன் மதிப்பு தெரியும்.